இல்லை, சரக்கு தயார்

மூன்று ஆண்டுகளாக ஒரு வரி என்னை விடாமல் பிடித்துக்கொண்டிருக்கிறது. நானே எழுதிய வரி. ஆங்கிலத்தில் நாலே நாலு சொல்: "நோ ஸ்டாக் இஸ் ரெடி."

கோத்தகிரிப் பக்கம் ஒரு தேயிலைத் தொழிற்சாலையில் எனக்கு அலுவலக வேலை. சிறு விவசாயிகளிடம் பச்சை இலை வாங்கித் தூளாக்கும் ஃபேக்டரி. இலைக் கணக்கு, எடைச் சீட்டு, குன்னூர் ஏலத்துக்குப் போகும் சரக்கின் பட்டியல் எல்லாம் பதினைந்து வருடமாகக் கைப்பழக்கம். ஏலத்துக்கு வெளியே நேரடியாக வாங்கும் வியாபாரிகளும் உண்டு. அவர்கள் வடக்கே இருப்பவர்கள். அவர்களுக்கும் எங்களுக்கும் பொதுவாக இருப்பது ஆங்கிலம்தான். 2022 மழைக்காலத்தில் ஒருநாள், மேனேஜர் ஊரில் இல்லை. வடக்கிலிருந்து ஒருவர் மெயிலில் கேட்டிருந்தார்: சரக்கு எடுப்பதில் தாமதம் ஏதும் உண்டா, லாரி அனுப்பலாமா என்று. தாமதம் இல்லை, சரக்கு தயார். இதுதான் என் மனதில் இருந்தது. தட்டி அனுப்பியது அந்த நாலு சொல். அவர் அதை "எந்தச் சரக்கும் தயாராக இல்லை" என்று படித்தார். லாரி வரவில்லை. இரண்டு நாள் கழித்து நாங்கள் போன் செய்தபோது அவர் வேறு இடத்தில் வாங்கி முடித்திருந்தார். நாற்பது மூட்டைத் தூள் குடோனில் நின்றது. மழை மாதத்தில் தூள் தேங்கினால் என்ன ஆகும் என்று இந்த மலையில் இருப்பவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை.

மேனேஜர் திட்டவில்லை. மெயிலைத் திறந்து படித்தார். 'நோ'வுக்குப் பக்கத்தில் விரலை வைத்து, "இங்க ஒரு கமா போட்டிருக்கணும்மா" என்றார். அவ்வளவுதான். அவர் திட்டியிருந்தால் அன்றோடு மறந்திருப்பேன். அந்த விரல் நின்ற இடம்தான் மறக்கவில்லை. கணக்கில் ஒரு பைசா தவறவிடாதவள் நான். ஒரு கொசுக்கால் அளவுக் கோட்டைத் தவறவிட்டதில் நாற்பது மூட்டை போனது என்பதை எப்படி எடுத்துக்கொள்வது என்று தெரியவில்லை.

அப்புறம் ஒரு நாள் அதே வரியைத் தமிழில் எழுதிப் பார்த்தேன். "இல்லை சரக்கு தயார்." கமா இல்லாமல்தான் எழுதினேன். யாரிடம் காட்டினாலும் ஒரே பொருள்தான் சொன்னார்கள். யாருமே "சரக்கு இல்லை" என்று படிக்கவில்லை. ஏன் என்று யோசித்தபோதுதான் பிடிபட்டது. தமிழில் 'இல்லை' என்பது மறுக்கும் பொருளுக்குப் பின்னால் வரும். சரக்கு இல்லை, பால் இல்லை, பஸ் இல்லை. முன்னால் வந்துவிட்டால், அது கேட்ட கேள்விக்குப் பதில் என்று நமக்குத் தானாகத் தெரியும். ஆங்கிலத்தில் 'நோ' முன்னால் நின்றுகொண்டு பக்கத்தில் எந்தச் சொல் வருகிறதோ அதைப் பிடித்துக்கொள்ளும். நோ ஸ்டாக், நோ மில்க், நோ பஸ். பிடிக்காதே என்று கையைத் தட்டிவிட நடுவில் ஒரு குறி வேண்டும். நம் மொழியில் சொல் நிற்கும் இடமே செய்துவிடும் வேலையை அங்கே ஒரு சின்னக் கோடு செய்கிறது. இத்தனை வருடம் படித்த ஆங்கிலத்தில் இதை எனக்கு யாரும் சொன்னதில்லை.

மூச்சு வாங்கும் இடம்

எனக்குச் சொல்லித்தரப்பட்டது வேறு. ஏழாம் வகுப்பில் எங்கள் டீச்சர் சொன்னது இன்னும் காதில் இருக்கிறது: "மூச்சு வாங்குற இடத்துல கமா. மூச்சு நிக்கிற இடத்துல ஃபுல்ஸ்டாப்." அருமையான டீச்சர். கரும்பலகையில் அவர் எழுதும் ஆங்கிலம் கோலம் மாதிரி இருக்கும். அவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது. ஆனால் மெயில் தட்டும்போது யாரும் மூச்சு வாங்குவதில்லையே. எனக்கு வாயில் வராத நிறுத்தம் விரலில் எப்படி வரும்?

டீச்சர் சொன்னது எங்கிருந்து வந்தது என்று தேடிப் படித்தேன். அது அவரோ அவருடைய ஆசிரியரோ கண்டுபிடித்தது இல்லை. ஏறக்குறைய 2,200 வருடப் பழசு. எகிப்தின் அலெக்சாண்ட்ரியா நகர நூலகத்தில் தலைவராக இருந்த அரிஸ்டோஃபனீஸ் என்ற கிரேக்கர், சொற்களுக்கு நடுவே இடைவெளிகூட விடாமல் எழுதப்பட்ட சுருள்களில், வரியின் மேலே, நடுவே, கீழே என்று மூன்று இடங்களில் புள்ளி வைக்கும் முறையைக் கொண்டுவந்தார். உரக்கப் படிக்கிறவர் எங்கே கொஞ்சம் நிறுத்த வேண்டும், எங்கே நன்றாக நிறுத்த வேண்டும் என்பதற்கான அடையாளம் அது. கமா, கோலன், பீரியட் (ஃபுல்ஸ்டாப்) என்ற பெயர்களே அப்படி நிறுத்திப் பிரித்த வாக்கியத் துண்டுகளின் கிரேக்கப் பெயர்களிலிருந்து வந்தவை. அப்புறம் 1490களில் வெனிஸ் நகரத்தில் ஆல்டஸ் மனூசியஸ் என்ற அச்சகக்காரரின் புத்தகங்களில்தான் இன்று நாம் காணும் வளைந்த கமாவும் அரைப்புள்ளியும் உருவம் எடுத்தன. உரக்கப் படிப்பது குறைந்து, மனதுக்குள் படிப்பது பெருகப் பெருக, மூச்சுக்காக வைத்த புள்ளிகள் மெல்ல மெல்ல வாக்கியத்தின் மூட்டுகளைக் காட்டும் புள்ளிகளாக மாறின. வேலை மாறிவிட்டது; வகுப்பறையில் சொல்லித்தரும் வாசகம் மட்டும் மாறவில்லை. பழைய ஆங்கில இலக்கணப் புத்தகங்களில் கமாவுக்கு ஒன்று எண்ணு, அரைப்புள்ளிக்கு இரண்டு எண்ணு, கோலனுக்கு மூன்று, ஃபுல்ஸ்டாப்புக்கு நான்கு என்றே பாடம் இருந்தது. எங்கள் டீச்சர் வரைக்கும் வந்து சேர்ந்தது அந்த எண்ணிக்கைதான்.

நமக்கு இந்தக் குறிகள் அச்சோடு வந்தவை. ஓலையில் இவை கிடையாது. மெய்யெழுத்தின் புள்ளியைக்கூட எழுத்தாணியால் குத்தினால் ஓலை கிழியும் என்று விட்டுவிட்டவர்கள் நம் ஆட்கள். ஆறுமுக நாவலர் தன் உரைநடையில் குறிகளை ஒழுங்காகப் பயன்படுத்தியதைத் தமிழாசிரியர்கள் எல்லோரும் சொல்வார்கள். அதற்கு முன்னால் பல நூறு வருடம் கமாவும் இல்லாமல் புள்ளியும் இல்லாமல் எழுதி, படித்து, உரையும் செய்திருக்கிறார்கள். அது எப்படி முடிந்தது என்ற கேள்வி அப்போது எனக்குத் தோன்றவில்லை. தோன்றியிருந்தால் பாதி வழி அன்றைக்கே தாண்டியிருப்பேன்.

தப்பு நடந்த பிறகு ஒரு வருடம் தனியாகப் படித்தேன். கோயம்புத்தூரில் வாங்கிவந்த கிராமர் புத்தகம் ஒன்று, போனில் வீடியோக்கள். கமாவுக்குப் பதிமூன்று விதி, பதினெட்டு விதி என்று ஆளுக்கு ஒரு கணக்கு. படிக்கும்போது புரியும், மெயில் எழுத உட்கார்ந்தால் ஒன்றும் கைக்கு வராது.

எங்கே நிறுத்தினேன்?

2021 கடைசியில் அரசின் இல்லம் தேடிக் கல்வித் திட்டம் வந்தபோது நான் தன்னார்வலராகச் சேர்ந்திருந்தேன். சாயங்காலம் ஃபேக்டரி முடிந்து, லைன் வீடுகளில் ஒன்றின் திண்ணையில் வகுப்பு. பெரும்பாலும் இலை பறிக்கப் போகிறவர்களின் பிள்ளைகள். பனி இறங்கினால் நோட்டு ஈரமாகும். கரண்ட் போனால் போன் வெளிச்சம். பிள்ளைகளுக்கும் நான் மூச்சுக் கணக்கைத்தான் சொல்லிக்கொடுத்தேன், வேறு என்ன தெரியும் எனக்கு? 2023-ல் எட்டாம் வகுப்புப் படித்த ஒரு பெண், பெயர் வேண்டாம், 'என் காலை' என்று ஆங்கிலத்தில் ஒரு பத்தி எழுதிவந்தாள். "ஐ காட் அப், ஐ வாஷ்ட் மை ஃபேஸ், ஐ டிராங்க் டீ, ஐ டுக் மை சிஸ்டர், ஐ வென்ட் டு ஸ்கூல்." எழுத்துப்பிழை ஒன்று இல்லை. ஒவ்வொரு துண்டும் சரி. துண்டுக்குத் துண்டு கமா, கடைசியில் ஒரே ஒரு புள்ளி. நான் சிவப்புப் பேனாவால் எல்லாக் கமாவையும் வட்டம் போட்டு, "இங்கெல்லாம் ஃபுல்ஸ்டாப் வரணும். மூச்சு எங்க நிக்குதுன்னு படிச்சுப் பாரு" என்றேன்.

அவள் உரக்கப் படித்தாள். படித்துவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்துக் கேட்டாள்: "நான் எங்கயுமே நிறுத்தலையேக்கா. எந்திரிச்சு, மூஞ்சி கழுவி, டீ குடிச்சு, தங்கச்சியக் கூட்டிக்கிட்டு ஸ்கூலுக்குப் போனேன். எங்க நிறுத்துனேன்?"

என்னிடம் பதில் இல்லை. நாளைக்குச் சொல்கிறேன் என்று நோட்டை வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன். அவள் சொன்னது சரி. அவள் எங்கேயும் நிறுத்தவில்லை. டீச்சர் சொன்ன விதிப்படியும் சரி. ஒரே மூச்சில்தான் போயிருக்கிறாள். ஆனால் அந்த ஆங்கிலம் தப்பு.

வீட்டில் அம்மா அடுப்பங்கரையில் அண்ணியிடம் பழைய கதை சொல்லிக்கொண்டிருந்தார். அம்மா இலங்கையின் மஸ்கெலியாவில் பிறந்தவர். 1964 சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தத்துக்குப் பின்னால் இந்த மலைக்கு வந்து சேர்ந்த குடும்பங்களில் எங்களுடையதும் ஒன்று. இன்றைக்கும் அம்மாவுக்கு டீ கிடையாது, தேத்தண்ணிதான். நூறு தடவை கேட்ட கதை. "தலைமன்னாருல கப்பலேறி, ராமேசுவரத்துல எறங்கி, மண்டபம் கேம்ப்புல கெடந்து, ரயிலேறி, மேட்டுப்பாளையத்துல எறங்கி, லாரியில மூட்டையோட மூட்டையா ஒக்காந்து, கோத்தகிரி வந்து சேர்ந்தோம்." நோட்டு என் மடியில் இருந்தது. நான் முதல் தடவையாக அந்த வாக்கியத்தைக் காதால் கேட்காமல் கண்ணால் பார்த்த மாதிரி இருந்தது. ஏறி, இறங்கி, கிடந்து, ஏறி, இறங்கி, உட்கார்ந்து, வந்து. கடல் தாண்டி, ரயில் மாறி, மலை ஏறும்வரை ஒரு வினையும் முடியவில்லை. கடைசிச் சொல்லில்தான் முடிகிறது. சேர்ந்தோம். யார் என்பதும் அந்த ஒரு சொல்லில்தான் இருக்கிறது, எப்போது என்பதும் அதில்தான். மற்ற வினைகள் எல்லாம் காலத்தையும் ஆளையும் அதனிடம் கடன் வாங்கிக்கொண்டு நிற்கின்றன.

இதற்குப் பெயர் ஆறாம் வகுப்பிலேயே படித்திருக்கிறோம். முடியாத வினை எச்சம். முடிந்த வினை முற்று. பரீட்சையில் இரண்டு மதிப்பெண்ணுக்கு எழுதிவிட்டு மறந்துபோன சொற்கள்.

அந்தச் சொல் நாக்கில் இருக்கும்போதே இன்னொன்று வந்து ஒட்டிக்கொண்டது. முற்றுப்புள்ளி. தமிழில் இந்தக் குறிகளின் பெயர்களை வரிசையாகச் சொல்லிப் பாருங்கள். காற்புள்ளி, அரைப்புள்ளி, முக்காற்புள்ளி. கால், அரை, முக்கால். மூன்றும் அளவு, அந்தப் பழைய எண்ணிக்கையின் சாயல். அப்படியே போனால் நான்காவது முழுப்புள்ளி என்றுதானே வந்திருக்க வேண்டும்? வரவில்லை. முற்றுப்புள்ளி என்று வந்திருக்கிறது. பெயர் வைத்தவர் யாரோ, மூன்று படி வரைக்கும் நேரத்தை அளந்துவிட்டு, நான்காவது படியில் இலக்கணக்காரனின் சொல்லை எடுத்து வைத்திருக்கிறார். வினை எங்கே முற்றுகிறதோ அங்கே வைக்கிற புள்ளி. நாற்பது வயதுவரை தினமும் எழுதிய சொல், உள்ளே என்ன இருக்கிறது என்று ஒரு நாளும் திறந்து பார்த்ததில்லை. ஓலையில் புள்ளி இல்லாமல் எப்படிப் படித்தார்கள் என்பதற்கும் பதில் பெரும்பாலும் அதற்குள்ளேயே இருக்கிறது. தமிழ் வாக்கியம் தன் முடிவைத் தானே சொல்லிவிடும். 'சேர்ந்தோம்' என்று கேட்டால் முடிந்தது என்று தெரியும். 'சேர்ந்து' என்று கேட்டால் இன்னும் வரும் என்று காத்திருப்போம். புள்ளி வந்தாலும் வராவிட்டாலும் அது மாறாது.

ஆங்கிலத்தில் வினை நடுவில் வந்து உட்கார்ந்துகொள்கிறது. வாக்கியம் எந்தச் சொல்லில் வேண்டுமானாலும் முடியலாம். அதனால் முடிவை வெளியிலிருந்து ஒரு குறி சொல்ல வேண்டியிருக்கிறது. அன்றிரவு அம்மாவின் வாக்கியத்தை ஆங்கிலத்தில் எழுதிப் பார்த்தேன். வீ போர்டட், வீ காட் டவுன், வீ ஸ்டேய்ட் என்று போகப் போக, ஒவ்வொன்றிலும் 'வீ' திரும்பத் திரும்ப வருகிறது, ஒவ்வொரு வினையும் இறந்தகாலத்தைத் தானே சுமக்கிறது. ஒவ்வொன்றும் ஒரு முற்று. என் மாணவி எழுதியதிலும் ஐந்து முற்று. மனதில் இருந்தது நாலு எச்சமும் ஒரு முற்றும். 'எந்திரிச்சு' என்பதிலிருக்கும் அந்த இழுவையை ஆங்கிலத்தில் கொண்டுபோக அவளுக்குக் கிடைத்த ஒரே கருவி கமா. தமிழ் இலக்கணத்துக்கு அவள் அத்தனை உண்மையாக இருந்திருக்கிறாள், அதற்கு நான் சிவப்பு வட்டம் போட்டிருக்கிறேன். இதை எழுதும்போதும் அந்த நாலு வட்டம் கண்ணில் நிற்கிறது.

மறுநாள் வகுப்பில் மூச்சைப் பற்றிப் பேசவே இல்லை. "நீ எழுதின ஒவ்வொரு துண்டுலயும் முற்று எதுன்னு கோடு போடு" என்றேன். போட்டாள். "ரெண்டு முற்றை ஒரு கமா தாங்காது. புள்ளி வை. இல்லன்னா 'ஆண்ட்' போட்டுச் சேர்த்துக்கோ." சொல்லி முடிப்பதற்குள் பக்கத்தில் இருந்த பையனின் நோட்டையும் பிடுங்கித் திருத்த ஆரம்பித்துவிட்டாள். 'ஆஃப்டர் வாஷிங் மை ஃபேஸ்' என்று ஆங்கிலத்துக்கும் எச்சம் மாதிரி ஒன்று உண்டு என்பதை அடுத்த வாரம் சொன்னேன். "அப்ப அங்க கமா போடலாம், ஏன்னா முடியலை" என்று அவளே சொன்னாள். பிறகு ஒருநாள் ஜூலியஸ் சீசர் சொன்ன "வந்தேன், கண்டேன், வென்றேன்" எங்கோ படித்துவிட்டு வந்து, மூன்று முற்றுக்கு நடுவே கமா இருக்கிறதே என்று பிடித்தாள். அது மூன்றும் ஒரே அச்சில் வார்த்த மாதிரிச் சின்னத் துண்டுகள், அடுக்கிச் சொல்லும்போது ஆங்கிலத்தில் விடுவார்கள் என்றேன். விதியை மீறும் இடத்தைத் தேடி எடுத்துவர ஆரம்பித்துவிட்டால் அந்தப் பிள்ளைக்கு விதி புரிந்துவிட்டது என்று அர்த்தம்.

கையில் இருந்ததை வைத்து

அதற்குப் பிறகு எந்தப் பாடம் எடுத்தாலும், இது நம்மிடம் எந்தப் பெயரில் இருக்கிறது என்று முதலில் தேடுவது வழக்கமாகிவிட்டது. 'எ', 'ஆன்' எடுத்தபோது ரொம்ப எளிதாக முடிந்தது. ஒரு வீடு, ஓர் ஊர். ஒரு மலை, ஓர் ஆறு. உயிரெழுத்தில் தொடங்கினால் ஓர் என்று தமிழ் வகுப்பில் படித்த அதே சங்கதி. ஒரே வித்தியாசம், தமிழில் எழுத்தும் ஒலியும் ஒன்றாகப் போகும், ஆங்கிலத்தில் ஒலியை மட்டும் நம்ப வேண்டும். 'ஹவர்' என்று எழுத்துக்கூட்டினாலும் வாயில் 'அவர்' என்றுதான் வரும். அதனால் 'ஆன் அவர்'. 'யூனிவர்சிட்டி' உயிரெழுத்தில் எழுதினாலும் காதில் 'யூ' என்று மெய்யோடு விழும், அதனால் 'எ'. பிள்ளைகள் வாயால் சொல்லிச் சொல்லியே பிரித்துவிட்டார்கள்.

'தி' தான் பயமாக இருந்தது. தமிழில் 'தி' கிடையாது, அது வெள்ளைக்காரன் பழக்கம், கேட்டுக் கேட்டுத்தான் வரும் என்று எனக்குச் சொல்லியிருந்தார்கள். நானும் அப்படித்தான் நம்பினேன். வகுப்பு நடக்கும்போதே ஒரு சின்னப் பையன் கை நீட்டி, "அக்கா, பென்சில் குடுங்க" என்றான். டப்பாவிலிருந்து ஏதோ ஒன்றை எடுத்துக் கொடுத்தேன். கொஞ்ச நேரத்தில் அவன் அக்காள் வந்து, "அக்கா, பென்சிலைக் குடுங்க" என்றாள். அவள் எந்தப் பென்சிலைக் கேட்கிறாள் என்று எனக்குத் தெரியும். நேற்று நான் வாங்கி வைத்துக்கொண்ட, முனையில் ரப்பர் வைத்தது. யாருக்கும் விளக்கம் தேவைப்படவில்லை. ஒற்றை 'ஐ' அதைச் சொல்லிவிட்டது. தண்ணீர் குடித்தேன், தண்ணீரைக் குடித்தேன். கதை சொன்னாள், கதையைச் சொன்னாள். இரண்டாம் வேற்றுமை உருபு ஒட்டினால், உனக்கும் எனக்கும் தெரிந்த அந்தப் பொருள். ஒட்டாவிட்டால், ஏதோ ஒன்று. எல்லா இடத்திலும் இது பொருந்தாது. ஆட்களைச் சொல்லும்போது 'ஐ' எப்படியும் வரும், எழுவாயில் வரவே வராது. ஆனாலும் 'தி' என்ற எண்ணம் நம் பிள்ளைகளிடம் இல்லை என்று இனி யார் சொன்னாலும் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். மூன்று வயதுப் பிள்ளை அந்த உருபைச் சரியான இடத்தில் வைக்கிறது.

'ஷி கோஸ்' என்பதில் வரும் அந்த 'ஸ்' பற்றியும் ஒன்று. போகிறேன், போகிறாய், போகிறாள், போகிறோம், போகிறீர்கள் என்று நமக்கு ஆளுக்கு ஒரு விகுதி. ஆங்கிலத்திலும் ஒரு காலத்தில் அப்படி விகுதிகள் இருந்து, ஒவ்வொன்றாக உதிர்ந்து, நிகழ்காலத்தில் கடைசியாக ஒட்டிக்கொண்டிருப்பது அந்த ஒன்றுதான். இதைச் சொன்னதும் அந்த 'ஸ்' மேல் பிள்ளைகளுக்கு ஒரு பரிவே வந்துவிட்டது. அதைவிட்டு எழுதுவது குறைந்துபோனது.

தமிழ் கைகொடுக்காத இடங்களும் இருக்கின்றன, அதை மறைக்கக் கூடாது. நமக்குப் பெரிய எழுத்து, சின்ன எழுத்து கிடையாது, அது மனப்பாடம்தான். அபாஸ்ட்ரஃபியும் அப்படியே. 'இட்ஸ்' எழுதும் முன்னால் 'இட் இஸ்' என்று பிரித்துச் சொல்லிப் பார், பொருந்தினால் மட்டும் அந்தக் கொம்பைப் போடு என்று சொல்லித்தருகிறேன். எல்லாவற்றிலும் கஷ்டமானது பெயரெச்சம் வரும் இடம். "தாமதமாக வந்த தொழிலாளர்களுக்கு அரை நாள் சம்பளம் கிடையாது" என்று தமிழில் எழுதினால், வந்தவர்களில் தாமதமாக வந்தவர்களுக்கு மட்டுமா, எல்லோருமே தாமதமாக வந்ததால் எல்லோருக்குமா என்பது இடத்தைப் பார்த்துத்தான் தெரியும். ஆங்கிலத்தில் 'ஹூ கேம் லேட்' என்ற துண்டுக்கு இரண்டு பக்கமும் கமா போட்டால் எல்லோரும் தாமதம், எல்லோருக்கும் வெட்டு. போடாவிட்டால் தாமதமாக வந்தவர்களுக்கு மட்டும். சம்பளம் வாங்குகிறவர்கள் வீட்டுப் பிள்ளைகளுக்கு இந்த ஒன்றையாவது விடாமல் சொல்லித்தர வேண்டும் என்று நினைக்கிறேன். நாளைக்கு இவர்கள் கையெழுத்துப் போடப்போகும் தாள்கள் எல்லாம் ஆங்கிலத்தில்தான் வரும்.

எனக்கு ஆற்றாமை ஒன்று உண்டு. தமிழ் பீரியடில் முற்றும் எச்சமும் படிக்கிறோம். மணி அடித்து அடுத்த பீரியடில் ஃபுல்ஸ்டாப்பும் கமாவும் படிக்கிறோம். இரண்டு பாடத்துக்கும் நடுவில் இருப்பது ஒரு மணி சத்தம் மட்டும்தான். ஆனால் ஒன்றைப் பற்றி மற்றது வாயே திறப்பதில்லை. ஆங்கிலம் படிக்க வேண்டுமானால் தமிழைச் செருப்பு மாதிரி வாசலில் கழற்றி வைத்துவிட்டு வா என்கிற மாதிரி. தமிழில் பேசினால் ஃபைன் போடும் பள்ளிகள் இருப்பது எல்லோருக்கும் தெரிந்த கதை. எதிர்ப் பக்கத்திலிருந்து வந்தவர்கள் அப்படிச் செய்யவில்லை. ஊட்டியில் பள்ளிக்கூடம் நடத்திய ஜி. யு. போப், தமிழ் இலக்கணத்தைக் கேள்வியும் பதிலுமாக எழுதிப் புத்தகம் போட்டவர். திருக்குறளை 1886-ல் ஆங்கிலத்தில் கொடுத்தவர். கால்டுவெல் 1841-ல் சென்னையிலிருந்து திருநெல்வேலிச் சீமைக்கு நடந்தே போனபோது இந்த நீலகிரி வழியாகத்தான் போனார். 1856-ல் திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணம் வெளியிட்டு, 1891-ல் கொடைக்கானலில் கண்ணை மூடினார். ஒப்பிலக்கணம் என்ற சொல்லிலேயே இருக்கிறதே, ஒப்பிட்டுப் பார்ப்பது. தாங்கள் முதலில் படித்த இலக்கணத்தை மூட்டை கட்டி வைத்துவிட்டு அவர்கள் தமிழ் படிக்கவில்லை. அதைக் கையில் பிடித்துக்கொண்டுதான் நம் இலக்கணத்துக்குள் நுழைந்தார்கள். நம் பிள்ளைகளுக்கு மட்டும் ஏன் வெறுங்கை? எழுவாயும் பயனிலையும் வேற்றுமையும் பள்ளிக்கு வரும் முன்னாலேயே அவர்கள் வாயில் இருக்கின்றன. லைன் வீட்டுப் பிள்ளைக்கு வீட்டில் ஆங்கிலம் பேச ஆள் கிடையாது, அது உண்மை. அதனால் இலக்கணமே கிடையாது என்று வைத்துப் பாடம் நடத்துவது பெரிய அநியாயம்.

அந்தப் பெண் இப்போது பத்தாம் வகுப்பு. வகுப்புக்கு வருவதில்லை, நேரமில்லை. வழியில் பார்த்தால் நின்று பேசுவாள்.

இந்த வருடம் மழை ஆரம்பித்த வாரத்தில் அதே வியாபாரியிடமிருந்து ஒரு மெயில் வந்தது. இடையில் ஓரிரு தடவை சரக்கு எடுத்திருந்தார். அதற்கெல்லாம் மேனேஜரே பதில் போட்டிருந்தார். இந்தத் தடவை என்னிடம் விட்டார். அதே கேள்விதான், மழையினால் தாமதம் ஏதும் உண்டா? 'நோ' என்று தட்டிவிட்டு நிறுத்தினேன். மூன்று வருடத்துக்கு முன்னால் மேனேஜர் விரல் வைத்த இடம். கமா போடப்போன கை நின்றது. தமிழில் இந்த இடத்தில் என்ன சொல்வேன்? இல்லை. வேறு, இல்லை, உண்டு: நன்னூலில் மூன்றும் சேர்ந்து வரும் நூற்பா ஒன்று உண்டு. நான், நீ, அவன், அவள், அது என்று யாருக்கும் எதற்கும் மாறாமல் பொருந்திவரும் வினைமுற்றுகள். 'இல்லை' தன்னந்தனியாக நின்றாலும் முற்று. கமாவும் சரிதான், ஆனால் எனக்குப் புள்ளிதான் வைக்கத் தோன்றியது.

"நோ. ஸ்டாக் இஸ் ரெடி."

வியாழக்கிழமை காலையில் லாரி வந்தது. மழை விடவில்லை. குடோன் வாசலிலிருந்து லாரிவரைக்கும் தார்ப்பாயைப் பிடித்துக்கொண்டு பையன்கள் ஒவ்வொரு மூட்டையாக ஏற்றினார்கள். நான் சீட்டில் எண்ணிக் கோடு போட்டுக்கொண்டிருந்தேன்.